நெய்மீனும் தூண்டிற் கயிறும்



மும்பையில் குடியேறிய தமிழர் அந்த மீனைச் 'சுர்மை' என்று கேட்டு வாங்குகின்றனர். மங்களூருக்கும் உடுப்பிக்கும் தொழில் நாடிச் சென்றவர்களுக்கு அது 'அஞ்சல்'. கோழிக்கோட்டுப் பக்கம் அதற்கு 'அயக்கூற' என்று பெயர். சென்னைக்காரருக்கு அது வஞ்சிரம், தென்பாண்டிக் கடற்கரையில் சீலா, யாழ்ப்பாணத்தில் அறுக்குளா. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, பாறசாலைச் சந்தையிலும் நெய்யாற்றின்கரைச் சந்தையிலும், அது நெய்மீன். 'நெய்' என்பதும் 'மீன்' என்பதும் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான சொற்கள். ஆதலால், அங்கே விற்பவர் எம்மொழியினர், வாங்குபவர் எம்மொழியினர் என்ற கேள்வி எழுவதேயில்லை.

இம்மீனை உண்ணும் சுவையை நேயர்களில் பலர் நன்கு அறிவீர்கள். ஆகவே, அதைப் பிடிப்பதில் உள்ள சுவையைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறேன். விரைந்தோடும் ஒரு மீனின் பின்னே மனிதன் ஏன் இவ்வளவு ஆவலோடு செல்கிறான்? அலைகடலின் நடுவே அவன் உயிரைப் பணயம் வைக்கும்படி அதில் என்ன கவர்ச்சி இருக்கிறது? இக்கேள்விகளுக்கு விடை காண, கேரளமும் தமிழ்நாடும் கைகோத்து நிற்கும் அந்த எல்லைக் கரைக்குச் சிறிது போய் வருவோம்.

நெய்யாறு அகத்திய மலைத் தொடரிலே பிறந்து, நெய்யாற்றின்கரையைத் தழுவி ஓடி, பூவாறு என்னும் ஊரருகே கடலில் கலக்கிறது. பூவாற்றுக்குத் தெற்கே பொழியூர். அத்துடன் கேரளக் கரை முடிந்துவிடுகிறது. அடுத்த ஊரான நீரோடி தமிழ்நாட்டைச் சேர்ந்தது. அதற்கப்பால் மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர் என்று மீனவர் ஊர்கள் மாலையில் கோத்த மணிகள் போல வரிசையாக அமைந்துள்ளன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று, மாநிலங்கள் மொழியை ஒட்டித் திருத்தி அமைக்கப்பட்டபோது, தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. பாறசாலையை உள்ளடக்கிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அதனால் நிலத்திலே ஒரு கோடு விழுந்தது. உறவு முறையும் திருமணத் தொடர்பும் வழிபாடும் அந்தக் கோட்டைத் தாண்டி இன்றும் நடந்து வருகின்றன. பொழியூர்க்காரரும் நீரோடிக்காரரும் கடலுக்குச் செல்லும்போது ஒரே திசையில் செல்கின்றனர். தேடுவதும் ஒரே மீனைத்தான்.

அந்த மீனின் உடலமைப்பைச் சற்றுப் பார்ப்போம். இருபுறமும் சற்றே தட்டையாகி, முன்னும் பின்னும் கூர்மையாக ஒடுங்கிய நீண்ட உடல். முதுகு நீலங்கலந்த கருமை. பக்கங்கள் வெள்ளி நிறம். அவ்வெள்ளியின் மீது மேலிருந்து கீழாக மெல்லிய கருங்கோடுகள் பல. இரண்டாம் முதுகுத் துடுப்புக்குப் பின்னே வால் வரையில் சிறு சிறு துடுப்புகள் வரிசையாக நிற்கும். வாலோ பிறைநிலா. வாலின் அடிப்பகுதியில் இருபுறமும் படகின் அடிக்கட்டை போன்ற மேடுகள் உண்டு. இவையெல்லாம் நீரைக் கிழித்துக்கொண்டு விரைவதற்கென்றே அமைந்த உறுப்புகள். பல மீன்களுக்கு உடலை மிதக்க வைக்கும் காற்றுப்பை உண்டு. நெய்மீனுக்கு அது கிடையாது. ஆகவே அது நீந்திக்கொண்டேயிருக்க வேண்டும். நீந்துவதை நிறுத்தினால் அமிழ்ந்துவிடும். ஓய்வு என்பதை அறியாத பிறவி அது என்று கூறினால் மிகையாகாது.

விஞ்ஞான நூல்களில் இம்மீனுக்கு வழங்கும் பெயரிலே ஒரு பயணியின் நினைவு தங்கியிருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் பூகன்வில் என்ற பிரெஞ்சுக் கடலோடியுடன் உலகைச் சுற்றப் புறப்பட்டவர் கொமர்சோன் என்னும் இயற்கை நூலறிஞர். அவர் விட்டுச் சென்ற குறிப்புகளைக் கொண்டு லாசெபேத் என்ற மற்றொரு பிரெஞ்சு அறிஞர் 1800-ஆம் ஆண்டில் இம்மீனை வருணித்து, அதற்குக் கொமர்சோனின் பெயரையே சூட்டினார். நம் நாட்டிலும் இதைப் பற்றிய ஆராய்ச்சி பழமையானது. 1947-ஆம் ஆண்டு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. நெய்மீன், சூரை, அயிலை முதலியன அடங்கிய பெருங்குடும்பத்தைப் பற்றி 1962-ஆம் ஆண்டு ஜனவரியில் மண்டபத்தில் ஒரு கருத்தரங்கு நடைபெற்றது. அந்த ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் பின்னர் கொச்சிக்குச் சென்றது. நம் எல்லைக் கரைக்கு அண்மையிலுள்ள விழிஞ்ஞத்திலும் அதற்கு ஓர் ஆய்வு மையம் உண்டு.

இனி இம்மீனின் வேகத்துக்கு வருவோம். கடல் மீன்களின் வேகத்தைப் பற்றி வியப்பூட்டும் எண்கள் பல வழக்கில் உள்ளன. அவற்றை அளந்த முறைதான் நம் பொருளுக்கு மிகவும் ஏற்றது. நெய்மீனுக்கு நெருங்கிய உறவான வாகூ என்னும் மீனின் வேகத்தை இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் அளந்து 1964-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மீன் தூண்டிலைக் கவ்விக்கொண்டு ஓடும்போது, உருளையில் சுற்றிய நூல் எவ்வளவு விரைவாக அவிழ்கிறது என்பதே அவர்கள் கையாண்ட அளவுகோல். மணிக்கு ஏறத்தாழ 77 கிலோமீட்டர் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். அத்தகைய பெரிய எண்களைப் பிற்கால ஆராய்ச்சிகள் ஐயத்தோடு நோக்குகின்றன. உலகிலேயே மிக விரைவானது என்று பெயர் பெற்ற மயில்மீனின் தசைகளைச் சோதித்து 2016-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, அதன் உச்ச வேகம் விநாடிக்கு எட்டு மீட்டரையொட்டியே இருக்கும் என்று கூறியது. அப்படியே வைத்துக்கொண்டாலும், பத்து விநாடியில் எண்பது மீட்டர்! காற்றைவிட ஏறத்தாழ எண்ணூறு மடங்கு அடர்ந்த தண்ணீருக்குள் இந்த ஓட்டம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தூண்டிற்காரன் எண்களைப் பார்ப்பதில்லை. தன் கையை உராய்ந்து ஓடும் கயிற்றிலேயே அந்த வேகத்தை அவன் அறிந்துகொள்கிறான்.

அந்தக் கயிற்றின் கதையைக் கேளுங்கள். எல்லைக் கரையின் தூண்டில் மீனவர் பழங்காலத்தில் கட்டுமரத்திலே சென்றனர். 1980-களிலிருந்து இயந்திரம் பொருத்திய மரத்தகட்டுப் படகுகள் பரவின; இப்போது கண்ணாடி இழைப் படகுகளும் உள்ளன. ஆனால் மீனிருக்கும் இடத்தைக் கண்டறியும் பழைய கலை முற்றும் மறைந்துவிடவில்லை. கடலடியில் ஆங்காங்கே பாறைத் திட்டுகள் உண்டு. அவற்றைச் சுற்றிச் சிறு மீன்கள் கூடும். அவற்றைத் தேடிப் பெருமீன்கள் வரும். அந்தத் திட்டு எங்கே இருக்கிறது என்று கடலின் மேல் எந்த அடையாளமும் இல்லை. ஆகவே மீனவன் கரையைத் திரும்பிப் பார்க்கிறான். தொலைவிலுள்ள மலைச் சிகரத்தையும் கரையிலுள்ள தேவாலயக் கோபுரத்தையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்துகிறான். வேறொரு திசையில் இன்னும் இரண்டு அடையாளங்களை அவ்வாறே நிறுத்துகிறான். இரு கோடுகளும் வெட்டும் இடமே அவன் தேடும் இடம். இதற்குக் கணியம் என்றும் கணிச்சம் என்றும் பெயர். தகப்பனிடமிருந்து மகன் பெறும் செல்வங்களில் இதுவும் ஒன்று.

இடத்தை அடைந்த பின்னர் தூண்டில் இறங்குகிறது. நெய்மீன் ஓடும் இரையையே விரும்புவது. சாளை, நெத்திலி, கணவாய் ஆகியவை அதன் உணவு. எனவே, மெல்ல ஓடும் படகின் பின்னே இரையை இழுத்துச் செல்வது ஒரு முறை. உயிருள்ள சிறு மீனை முள்ளில் கோத்து நீரில் விடுவது மற்றொரு முறை. இங்கே மீனின் பற்களை நினைவில் வைக்க வேண்டும். அவை முக்கோண வடிவின. கத்தி போன்ற விளிம்புடையன. இரைமீனின் வாற்புறத்தை மட்டும் சீவியெடுத்துக்கொண்டு தூண்டில் முள்ளைத் தீண்டாமலே போய்விடும் வித்தை நெய்மீனுக்கு உண்டு. நூலையும் அது எளிதில் அறுத்துவிடும். அதனால் முள்ளுக்கு மேலே சிறிது நீளம் உலோகக் கம்பியைக் கட்டுவார்கள். கம்பி தடித்தால் மீன் கண்டுகொள்ளும், மெலிந்தால் அறுபடும். இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் அளவைத் தேர்வதிலேயே அனுபவம் தெரிந்துவிடும்.

மீன் கவ்வியதும் முதல் ஓட்டம் தொடங்குகிறது. அப்போது கயிற்றை இறுகப் பிடிப்பவன் மீனை இழப்பான், கையையும் அறுத்துக்கொள்வான். தேர்ந்தவன் விரல்களில் துணியையோ ரப்பரையோ சுற்றிக்கொண்டு கயிற்றை ஓட விடுகிறான். முழுவதும் தளர விட்டாலோ முள் கழன்றுவிடும். ஆகவே விடுகிறான், விட்டுக்கொண்டே தடுக்கிறான். ஓட்டம் தளர்ந்ததும் ஒரு பாகம், இரு பாகமாக இழுக்கிறான். படகைக் கண்டதும் மீன் மீண்டும் பாய்கிறது. சில வேளைகளில் நீரை விட்டே எழுந்து வெள்ளிப் பாளம் போல வெயிலில் மின்னி விழுகிறது. மறுபடியும் கயிறு போகிறது. கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் ஓர் உயிர் எண்ணுவதை இங்கே ஒரு கை உணர்ந்து உடனுக்குடன் மறுமொழி கூறுகிறது. இந்த உரையாடலே மீன்வேட்டையின் உயிர்நாடி. பிடிக்கும் கலை என்று நாம் கூறுவது பாதிக்கு மேல் விடும் கலைதான்.

இந்த இன்பத்தை உணர்ந்தவர் நம் கரையில் மட்டும் இல்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரைக்கு அப்பாலுள்ள கத்தலீனாத் தீவில் 1898-ஆம் ஆண்டு சூரை மீன் சங்கம் ஒன்று தோன்றியது. வலிய கயிற்றால் மீனை வாரி இழுப்பதைவிட, மெல்லிய நூலும் வளையும் கோலும் கொண்டு பிடிப்பதே ஆண்மைக்கு அழகு என்பது அச்சங்கத்தாரின் கொள்கை. 1939-ஆம் ஆண்டில் அனைத்துலக விளையாட்டு மீன்பிடிச் சங்கம் நியூயார்க்கில் நிறுவப்பட்டது. நூலின் வலிமையை ஒட்டிச் சாதனைகளை வகைப்படுத்தி, மீனுக்கும் மனிதனுக்கும் இடையே ஒரு நியாயமான போட்டி நிகழ வேண்டும் என்று அது விதி வகுத்தது. நம் நெய்மீனும் அந்தப் பட்டியலில் இடம் பெற்றுள்ளது. 1982-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரையில் கோல் தூண்டிலால் பிடிக்கப்பட்ட நெய்மீன் ஏறத்தாழ 45 கிலோகிராம் எடை கொண்டதாகப் பதிவாகியிருக்கிறது. அண்மைக் காலத்தில் நம் அந்தமான் தீவுகளுக்கும் விளையாட்டுக்காக மீன் பிடிப்போர் வருகின்றனர். பிடித்த மீனை அளந்து, படமெடுத்து, திரும்பவும் கடலிலே விட்டுவிடுவது அவர்களிற் பலரின் வழக்கம்.

கோலேந்தும் கனவானுக்கும் கயிறேந்தும் பொழியூர் மீனவனுக்கும் இங்கே என்ன வேறுபாடு? கயிறு தரும் துடிப்பு இருவருக்கும் ஒன்றே. முன்னவர் மீனை இழந்தால் ஒரு கதை கிடைக்கிறது. பின்னவன் மீனை இழந்தால் அன்றைய எரிபொருட் செலவு கடனாகிறது. கடல் கேட்கும் விலையும் சில சமயம் பணத்தோடு நிற்பதில்லை. 2017-ஆம் ஆண்டு நவம்பர் 29, 30 ஆகிய நாட்களில் ஒக்கிப் புயல் இந்தக் கரைக்கு அப்பால் வீசியது. எச்சரிக்கை கரையை எட்டியபோது படகுகள் பல ஆழ்கடலில் இருந்தன. மாண்டோரும் மீளாதோருமாக, இரு மாநிலங்களிலும் சேர்ந்து முந்நூறுக்கும் மேற்பட்ட மீனவரை அப்புயல் கொண்டுபோயிற்று. விழிஞ்ஞத்திலும் பூந்துறையிலும், எல்லைக்கு இப்பால் வள்ளவிளையிலும் தூத்தூர்ப் பகுதியிலும் ஒரே நாளில் அழுகுரல் எழுந்தது. ஒரு துண்டு நெய்மீனின் விலை அதிகம் என்று சந்தையில் நாம் முணுமுணுக்கும்போது, அந்த விலைக்குள் அடங்காத இந்தச் செலவையும் ஒரு கணம் நினைப்பது நன்று.

மற்றொரு கவலையும் உண்டு. தூண்டில் ஒரு நேரத்தில் ஒரு மீனைத்தான் பிடிக்கிறது. அதுவும் இரையைக் கவ்வும் அளவுக்கு வளர்ந்த மீனைப் பெரும்பாலும் பிடிக்கிறது. சிறுகண் வலையோ பெரிது, சிறிது என்று பாராமல் வாரிக்கொள்கிறது. நெய்மீன் ஏறத்தாழ இரண்டு வயதாகி, எழுபது சென்டிமீட்டர் அளவுக்கு நீண்ட பின்னரே முதன்முறையாக இனம் பெருக்கும் பருவத்தை அடைகிறது. பிழைத்து வாழ்ந்தால் மனிதனின் உயரத்தையும் மிஞ்சி வளரக்கூடிய மீன் அது. அதற்கு முன்பே ஒரு முழம் அளவில் அதைப் பிடித்துச் சந்தைக்குக் கொண்டுவந்தால், ஒரு தலைமுறை முட்டையிடாமலே முடிந்துபோகிறது. விதைநெல்லைக் குற்றிச் சோறாக்குவதற்கு இது ஒப்பாகும்.

இதை உணர்ந்த கேரள அரசு 2015-ஆம் ஆண்டில் 14 இன மீன்களுக்கு, இந்த அளவுக்குக் குறைந்தால் பிடிக்கலாகாது என்று விதித்தது. 2017-ஆம் ஆண்டில் அவ்விதி 58 இனங்களுக்கு விரிவடைந்தது. மீன்கள் பெருகுவதற்காக மழைக்காலத் தடையும் உள்ளது. கேரளத்தில் இழுவலைப் படகுகளுக்கு ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி ஜூலை முடிய 52 நாட்கள். தமிழ்நாட்டின் மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் முதல் நாள் தொடங்கி ஜூலை முடிய 61 நாட்கள். பொழியூருக்கும் நீரோடிக்கும் நடுவேயுள்ள கோடு இவ்வாறு கடலிலும் இரு நாட்காட்டிகளை உண்டாக்கியிருக்கிறது. மீனுக்கு இந்த வேறுபாடு தெரியாது. ஆதலால், இரு கரைகளும் ஒரே எண்ணத்தோடு நடந்துகொண்டாலன்றி ஒரு கரையின் கட்டுப்பாடு முழுப் பயனைத் தராது.

சட்டம் கரையிலேதான் நிற்க முடியும். கடலில் ஒவ்வொரு வலையின் பின்னும் அது செல்ல இயலாது. இங்கே தூண்டிற்காரன் கையிலுள்ள பாடம் நமக்குத் துணையாகிறது. விடத் தெரிந்தவனே பிடிக்கத் தெரிந்தவன் என்று கண்டோமல்லவா? முதல் ஓட்டத்தில் கயிற்றை விட்டவன்தான் இறுதியில் மீனைக் காண்கிறான். அவ்வாறே இன்று குஞ்சு மீனை விடுகின்ற கரைதான் நாளை பெருமீனைக் காணும். கயிற்றை விடுவது சில நிமிடங்களுக்கான பொறுமை. குஞ்சை விடுவது சில ஆண்டுகளுக்கான பொறுமை. முன்னதைப் பாட்டனிடமிருந்து கற்றுக்கொண்டவர்களுக்குப் பின்னது கைவராத கலையன்று. ஆனால், அன்றாடச் செலவுக்கே போராடும் ஒருவனிடம் இப்பொறுமையை எதிர்பார்ப்பவர்கள், அதன் பாரத்தில் ஒரு பங்கைத் தாமும் சுமக்க வேண்டும். வாங்குவோர் இருக்கும் வரையில் குஞ்சு மீனும் விலை போகும். விலை போகும் வரையில் அது பிடிபடும்.

ஆகவே, தொலைவில் வாழும் நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். மும்பையிலோ தில்லியிலோ பெங்களூரிலோ மீன்கடைக்குச் செல்லும்போது, அங்கே என்ன பெயர் வழங்கினாலும், அந்த வரிக்கோட்டு மீனை அடையாளம் கண்டுகொள்ளுங்கள். முழு மீனைக் காட்டச் சொல்லுங்கள். கை விரல் நுனியிலிருந்து முழங்கை வரையிலான நீளமே அதற்கு இருந்தால், விலை மலிவு என்பதற்காக அதை வாங்க வேண்டாம். பெரிய மீனின் ஒரு துண்டே போதும் என்று கேளுங்கள். பலரும் இவ்வாறு கேட்கத் தொடங்கினால், அந்தக் கேள்வி கடைக்காரரைத் தாண்டி, ஏலக் களத்தைத் தாண்டி, கரை வரையில் சென்று சேரும்.

அகத்திய மலையின் சிகரத்தைக் கோபுரத்தோடு நேர்நிறுத்தித் தன் இடத்தைக் கண்டுபிடிக்கும் ஒருவன், அந்த இடத்தில் தூண்டிலை இறக்கினால் கயிறு ஓட வேண்டும். அவன் மகன் இறக்கும்போதும் அது ஓட வேண்டும். வெளிமாநிலத்துச் சந்தையில் நாம் காட்டும் சிறு நிதானத்துக்கும் அந்தக் கயிற்றுக்கும் தொடர்பு உண்டு என்பதை நினைவூட்டி, என் உரையை முடித்துக்கொள்கிறேன்.